காப்புக் கட்டிய கோழிக்குஞ்சு

நாமக்கல் பக்கத்தில் பெண் எடுப்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அங்கே மாப்பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிணற்று மேட்டில் நடந்து போனாலும், "மாப்பிள்ளைங்க, அந்தப் பக்கம் கெணறு ஒண்ணு இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொல்வார்களே தவிர, "யோவ், நில்லு" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. இப்படி மரியாதையாலேயே கெட்டுப்போன மாப்பிள்ளைகள் அந்த ஜில்லாவில் ஏராளம். நான் கெட்ட கதை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பரவிவிட்டது.

நான் சேலத்துக்காரன். தொழில் பிசியோதெரபி. முட்டிவலி, முதுகுவலி, தோள்பட்டை இறுக்கம் என்று வருகிறவர்களுடைய கைகால்களை மடக்கி நீட்டி அவர்களைக் கத்த வைப்பது என் வேலை. என் கிளினிக் மாடியில் இருந்தது. படியேறி வர முடிந்தவர்களுக்கு என் சிகிச்சை தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களால் படியேற முடியவில்லை. (இடத்தைத் தேடிப் பிடித்தது நானேதான்.)

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் அப்பா என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுவிட்டார். மாமனார் வீட்டில் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் என்னை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "நம்ம மாப்பிள்ளை, டாக்டருங்க" என்பார். என்ன டாக்டர் என்று எதிராளி கேட்பதற்குள் பேச்சை முட்டை விலைக்குத் திருப்பிவிடுவார். நானும் திருத்தியதில்லை. காதுக்கு இனிமையாக இருப்பதை எதற்குத் திருத்த வேண்டும்?

மாமனாருக்கு முட்டைக்கோழிப் பண்ணை. தோட்டத்துக்கு நடுவில் வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் ஷெட்டுகள். எங்கள் கல்யாணம் முடிந்து சில மாதங்களில், என் மனைவி சுகன்யாவின் தங்கை நந்தினியைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை கார்த்தி, கெங்கவல்லிக்காரர், கால்நடை மருத்துவர். வீட்டில் எல்லோருக்கும் இந்த இடம் பிடித்திருந்தது, நந்தினியைத் தவிர.

"பொறந்ததுல இருந்து கோழி வாசத்துலயே வளந்தாச்சு. போற ஊட்டுலயாச்சும் வேற வாசம் அடிக்கட்டும்" என்று அவள் சுகன்யாவிடம் சொல்லியிருந்தாள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற, கையில் சோப்பு வாசம் அடிக்கிற ஓர் ஆள்தான் அவளுடைய கனவு. மாமியாரோ, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவளைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். அதற்கு முன்பே இரண்டு மூன்று வரன்கள் அவளால் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டினால் உறவுக்குள் பேச்சாகிவிடும் என்ற கவலை மாமியாருக்கு.

ஒத்தாசைக்கென்று நானும் சுகன்யாவும் சில நாள் முன்னதாகவே போய் இறங்கினோம். மாமனாருக்குத் தோள்பட்டையில் வலி இருந்ததால், கிளினிக்கில் ஒத்தடம் கொடுக்கிற சிவப்பு விளக்கையும் ஒட்டுப்போடுகிற மஞ்சள் டேப்பையும் காரில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மாமனாரின் தோள்பட்டை அந்த விளக்கின் வெளிச்சத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் பண்ணையில் புதுக் குஞ்சுகள் இறக்கியிருந்தார்கள். பொரித்து ஒரு நாளே ஆனவை. பஞ்சு மூட்டையைக் கொட்டிவிட்ட மாதிரி ஷெட் முழுவதும் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் மட்டும் ஓர் அட்டைப்பெட்டி தனியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். சில குஞ்சுகள் தலை தொங்கிக் கண்ணை மூடிக்கிடந்தன. சிலவற்றுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, நிற்க முடியாமல் வயிற்றை இழுத்துக்கொண்டு நீந்தியது.

"இது என்னங்க மாமா?"

"நோஞ்சானுங்க. எல்லா லாட்டுலயும் கொஞ்சம் இப்படி வரும். தேறாதுங்க" என்றார் மாமனார்.

விரிந்த காலைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். கால் என் துறை அல்லவா?

"மாமா, எங்க ஃபீல்டுல 'தேறாது'ங்கற வார்த்தையே கிடையாது" என்றேன். (உண்மைதான். தேறாது என்று சொல்லிவிட்டால் ஆள் மறுநாள் வர மாட்டார்.)

மாமனார் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வாழ்நாள் முழுதும் கோழி வளர்த்த மனிதர். அவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆனால் நான் மாப்பிள்ளை.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா ஊட்டுக்குப் போனது மறுபடி ஷெட்டுக்குள்ள வரக்கூடாதுங்க, நோவு பரவிரும்" என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறை வீட்டிலேயே நல்ல அறை. ஏ.சி. உண்டு, பளபளக்கும் டைல்ஸ் தரை உண்டு. அங்கே குஞ்சுகளுக்கு ஆஸ்பத்திரி திறந்தேன். டைல்ஸ் அழுக்காகக் கூடாதே என்று பழைய மாதக் காலண்டர் தாள்களை விரித்தேன். தாளில் முருகன் இருந்தார், மகாலட்சுமி இருந்தார். குஞ்சுகள் அவர்கள் மேல் எச்சமிடுவதைப் பார்த்து மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டதால், தாளைத் திருப்பி வழவழப்பான வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி போட்டேன். சாமிக் குற்றம் தீர்ந்தது. மற்ற குற்றங்கள் அதிலிருந்துதான் ஆரம்பமாயின.

அன்று பகல் முழுவதும் போனில் வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பெண்மணி குஞ்சுக்குத் தாலாட்டுப் பாடினார். ஆந்திராவில் ஒருவர் வெல்லத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போடுங்கள் என்றார். நான் யாரையும் மனம் நோகச் செய்யாமல் எல்லோர் சொன்னதையும் செய்தேன். (தாலாட்டு உட்பட. சுகன்யா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.)

மாமியாரிடம் போய், குஞ்சுகளுக்கு அவித்த முட்டை வேண்டும் என்றேன். முட்டைக்குக் குறைவில்லாத வீடு. ஆனாலும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கோழிக்கே முட்டைங்களா மாப்பிள்ளை?"

"சத்து அத்தை. புரதம்."

"சரிங்க" என்றார். மாப்பிள்ளை கேட்டால் அந்த வீட்டில் யானைக்குக்கூட வெண்பொங்கல் வைப்பார்கள். அவித்துக் கொடுத்தார். வழக்கம்போல மிளகுத்தூளும் தூவியிருந்தார். குஞ்சுகள் தும்மின. எனக்கு அது சளியாகத் தோன்றியது. வைத்தியத்தில் ஆவி பிடித்தலும் சேர்ந்தது.

கால் விரிந்த குஞ்சுக்கு என் தொழில்முறையை முழுதாகக் காட்டினேன். இரண்டு காலையும் சேர்த்து நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு மஞ்சள் டேப்பால் கட்டினேன். பிறகு உள்ளங்கையில் வைத்து, கிளினிக்கில் செய்வது போலவே, "மெதுவா மடக்குங்க, மெதுவா நீட்டுங்க" என்று பயிற்சி கொடுத்தேன். அது தூங்கிவிட்டது. என் நோயாளிகளில் இந்தப் பயிற்சியின்போது கத்தாமல் தூங்கிய முதல் உயிர் அதுதான்.

மறுநாள் பார்த்தால் இன்னும் சில குஞ்சுகளுக்குக் கால் விரிந்திருந்தது. முந்தைய நாள் நன்றாக நின்றவை. ஏதோ தொற்று என்று முடிவு கட்டி அவற்றுக்கும் டேப் போட்டேன். நாளாக ஆக டேப் போட்ட கூட்டம் பெருகியது. நோயாளிகள் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் வரும் போலிருக்கிறது. எனக்கு வந்தது.

சிவப்பு விளக்கைக் குஞ்சுகளின் தலைக்கு மேலே தாழ்த்தி வைத்திருந்தேன். அவை வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"ஏனுங்க, இதுங்க எதுக்குங்க வாயப் பொளந்துக்கிட்டு இருக்குது?" என்று சுகன்யா கேட்டாள்.

"பசி" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் மஞ்சள் கரு போட்டேன். பசி இல்லை, சூடு தாங்காமல் மூச்சிரைக்கின்றன என்பது அந்தத் தோட்டத்தில் காவல் காத்த நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்த விளக்கோடு எனக்கும் அதே அறையில் புழுங்கியதால் நான் ஏ.சி.யைப் போட்டேன். ஒரே அறையில் ஒரு மூலை வேலூர், மறு மூலை ஏற்காடு. குஞ்சுகள் வேலூரில் மூச்சிரைத்தன, ஏற்காட்டுக்கு ஓடின, அங்கே நடுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

சில இறந்தன. அதைச் சொல்லாமல் விட முடியாது. தலை தொங்கிக் கிடந்த குஞ்சு ஒன்றுக்குச் சொட்டு மருந்து ஊற்றுகிற குழாயால் வெல்லத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது என் விரலை ஒரு தடவை பற்றியது. பிறகு பிடி தளர்ந்தது. எடையே இல்லாத ஒன்று செத்த பிறகு கனக்குமா? கனத்தது. நந்தினி உள்ளே வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தாள். கை கழுவிக்கொண்டே காலண்டர் தாளைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டாள்.

அந்தச் சாவுக்குப் பிறகு மிச்சமிருந்ததை எப்படியாவது பிழைக்க வைப்பது என்று எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. திறமை ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெண் பார்க்கிற நாள் வந்தது. வீடெல்லாம் கழுவி, வாசலில் கோலம் போட்டு, ஹாலில் புது விரிப்பு விரித்தாகிவிட்டது. ஆனால் எங்கள் அறையிலிருந்து கோழிப்பண்ணை வாசம் ஹால்வரை வந்துகொண்டிருந்தது. மாமியார் நேரடியாக எதுவும் கேட்கவில்லை.

"மாப்பிள்ளைங்க, ஒறம்பரை சனம் வந்தா பை கிய் வெக்கறதுக்கு அந்த ரூம்பு இருந்தா தேவலைங்க" என்றார்.

"பரவாயில்லை அத்தை, ஹால்லயே வைக்கட்டும்" என்றேன், பெருந்தன்மையாக.

சிறிது நேரம் கழித்துச் சாம்பிராணி புகை போட்டார். குஞ்சுகளுக்கு ஆகாது என்று நிறுத்தச் சொன்னேன். அவர் கரண்டியோடு சமையலறைக்குத் திரும்பிப் போனபோது தோளில் ஒரு சோர்வு தெரிந்தது. சமையல் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்குக் கெங்கவல்லிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கார்த்தி அமைதியான, ஒல்லியான ஆள். அவருடைய அப்பா சிரித்த முகம். பேச்சு முழுவதும் கார்த்தியின் பெரிய அத்தை ராஜாமணியிடம் இருந்தது. அப்பாவின் அக்கா. கல்யாணம் என்றால் எந்தெந்தத் தட்டில் என்னென்ன இருக்க வேண்டும், எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பதில் அவர் சொல்வதே சட்டம் என்று ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பை இடது பக்கம் வைத்தார்கள் என்று ஒரு சம்பந்தத்தையே எழுந்து வரச் செய்தவராம்.

ஹாலில் அவர்களுக்காக ஏ.சி. ஓடியது. எங்கள் அறையில் ஒரு ஏ.சி., சிவப்பு விளக்கு. சமையலறையில் சட்னிக்கு மிக்ஸி போட்டார்கள். வீடு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அணைந்தது. மாமனார் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். நான் அறைக்கு ஓடினேன்.

ஏற்காட்டுக் குளிர் தங்கியிருந்த அறையில் விளக்கில்லாமல் குஞ்சுகள் நடுங்கின. ரொம்ப நோஞ்சானாக இருந்தவை கீச்சென்றுகூடச் சொல்லவில்லை. உடம்புச் சூடுதான் தாய்க்கோழிக்கு அடுத்தபடி என்று ஏதோ வீடியோவில் சொன்னது நினைவுக்கு வந்தது. ரொம்ப முடியாதவற்றை எடுத்து என் புதுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். வேட்டியின் இடுப்புக் கட்டு கீழே தாங்கிக்கொண்டது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் அவை ஒண்டிக்கொண்டு நடுக்கம் குறைவது தெரிந்தது. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வைத்தியம்.

அப்போது சுகன்யா கதவைத் திறந்தாள். "ஏனுங்க, உங்களைக் கேக்கறாங்க. வாங்க சீக்கிரம்."

எடுத்து வைக்க நேரமில்லை. கைகளைக் கட்டி வயிற்றை அணைத்தபடி ஹாலுக்குப் போய் கார்த்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்றது. கார்த்தியின் அப்பா தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மறுபடியும் 'கீச்'. அவர் மறுபடியும் போனைப் பார்த்தார். கார்த்தி மட்டும் போனைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை டாக்டருன்னு சொன்னாங்க. என்ன டாக்டரு?" என்று ராஜாமணி அத்தை கேட்டார். பேச்சை முட்டை விலைக்குத் திருப்ப வேண்டிய மாமனார் பின்கட்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எலும்பு, மூட்டு... எல்லாம் பாப்பேன்" என்றேன்.

"அப்ப இந்த முட்டியப் பாரு தம்பி. மடக்கினா நீட்ட முடியல, நீட்டினா மடக்க முடியல."

மாமனார் ஊரில் ஒருவர், அதுவும் சபையில் வைத்து, என் தொழிலை நம்பி ஒரு முட்டியை நீட்டியது அதுவே முதல் தடவை. அந்தக் கணத்தில் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோனது. எழுந்து போய் அவர் காலடியில் குந்தி, முட்டியில் கை வைத்துக் குனிந்தேன். சட்டையின் மேல் பொத்தான் தெறித்தது.

முதல் குஞ்சு ராஜாமணி அத்தையின் பட்டுப்புடவை மடியில் விழுந்தது. காலில் மஞ்சள் டேப்போடு மல்லாந்து கிடந்து அவரைப் பார்த்தது. அடுத்தது அதன் மேலே விழுந்தது. மூன்றாவது என் கழுத்துப்பட்டியில் தொங்கி, யோசித்து, பிறகு அதுவும் இறங்கியது. இறங்கிய குஞ்சு சாவகாசமாகப் பட்டின் மேல் எச்சமிட்டது.

சுகன்யா தரையைப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டியது என்னையா, அவளையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பலகாரத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற மாமியாரின் குரல் கேட்டது. நிதானமான குரல்.

"அது எங்க ஊட்டு வழக்கமுங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நானும்தான்.

"நல்ல காரியம் பேசற அன்னிக்கு மூத்த மாப்பிள்ளை குஞ்சை நெஞ்சோட அணைச்சு வெச்சிருக்கோணுமுங்க. வந்தவங்க மடியில அது தானா எறங்குச்சுன்னா சம்பந்தம் கூடி வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார் மாமியார். நான் பார்த்தவரை அவர் பொய்யே சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ முதல் பொய்யே அவ்வளவு உறுதியாக வந்தது.

ராஜாமணி அத்தை குஞ்சின் காலைக் காட்டினார். "இது என்ன, கால்ல மஞ்சளா?"

"காப்புங்க" என்றார் மாமியார். "விசேசத்துக்குக் காப்புக் கட்டுவோமில்லீங்களா."

"எச்சம் போட்டிருக்கே."

"அது ரெட்டை லாபமுங்க."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. கையில் டெஸ்டரோடு மாமனார் உள்ளே வந்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. மாமியார் அவரைப் பார்த்து, "ஏனுங்க, உங்க பாட்டன் காலத்துலருந்து இருக்கிற வழக்கந்தானுங்களே?" என்றார். மாமனார் குஞ்சைப் பார்த்தார், பட்டுப்புடவையைப் பார்த்தார், பொத்தான் தெறித்த சட்டையோடு குந்தியிருந்த என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார்.

இனி எல்லாம் ராஜாமணி அத்தை கையில். அவர் அறியாத சடங்கு ஒன்று இருக்கிறது என்று சபையில் ஒப்புக்கொள்வதா, அல்லது எழுந்து போவதா? அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். புடவையை உதறாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க பக்கமும் முந்தி இருந்ததுதான். இப்ப யாரு ஒழுங்கா செய்யறாங்க" என்றார்.

கார்த்தி எழுந்து வந்து, அத்தையின் மடியிலிருந்த குஞ்சுகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டார். ஒன்றின் காலைத் திருப்பி டேப்பைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இன்னும் காப்புக் கட்டினது உள்ள இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்களும் சொல்லிவிட்டதால், நந்தினியையும் எங்களோடு அனுப்பினார்கள். ஆக அவர்களுடைய முதல் சந்திப்பு என் ஆஸ்பத்திரியில் நடந்தது. தனியாகப் பேச விட்டுவிட்டு நான் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் அவர் என் நோயாளிகளை அல்லவா பார்க்கிறார்? நான் மூலையில் நின்றேன்.

கார்த்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கட்டு நல்லாதான் போட்டிருக்கீங்க சார்" என்றார் என்னிடம். எனக்குக் கண் கலங்கியது. "ஆனா இந்த வழுக்குத் தாள்ல நின்னா நல்ல குஞ்சுக்கும் கால் அகண்டுடும். சாக்கு ஏதாவது கிடைக்குமா?"

தொற்று என்று நான் நினைத்தது காலண்டர். ஒரு வாரமாக நானே வியாதியைப் பரப்பி, நானே வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

நந்தினி சாக்கு கொண்டுவந்து விரித்தாள். ஏ.சி.யை அணைத்தாள். சொல்லாமலே விளக்கை உயரத் தூக்கி வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து, பின்பக்கம் அடைத்திருந்த குஞ்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கார்த்தி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கே. முதல் நாளே இவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"மச்சானுங்க. ஊட்டு மாப்பிள்ளை. அவருகிட்டப் போயி எப்படிங்க சொல்றது?"

"நான் தப்பு செஞ்சா எங்கிட்ட சொல்வீங்களா?"

"உங்களுக்கென்னங்க, தாராளமா சொல்வேன். நீங்க இன்னும் மாப்பிள்ளை ஆகலையே" என்றாள் நந்தினி. பிறகு தான் சொன்னது என்னவென்று புரிந்து, குஞ்சின் பின்பக்கத்தை மிக மும்முரமாகத் துடைத்தாள். கார்த்தி சிரித்தார். அவர்கள் இருவரும் அந்த அறையில் என்னை மறந்துபோனார்கள். நானும் ஒருவழியாக அதைப் புரிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலையே நந்தினி சம்மதம் என்று சொல்லிவிட்டாள். மாமியாரால் நம்ப முடியவில்லை. மாட்டு டாக்டர் வேண்டாம் என்றாயே என்று சுகன்யா கேட்டதற்கு, "மச்சானைப் பார்த்த பொறவு எந்த டாக்டரும் தேவலைன்னு தோணிருச்சு" என்றாளாம். (இதை என்னிடம் வந்து சொல்ல வேண்டிய அவசியம் சுகன்யாவுக்கு இருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.)

விருந்தாளிகள் போனதும் மாமியார் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து காதை வைத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் என்னை நாள் முழுதும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது கார்க் கண்ணாடி அருகே குனிந்து, "மாப்பிள்ளைங்க, தோள் வலி எனக்குச் சரியாயிருச்சுங்க. அந்த லைட்டை நீங்க சேலத்துலயே வெச்சுக்கோங்க" என்றார். அந்த ஊரில் இதற்குப் பெயர் திட்டு.

குஞ்சுகளில் சில பிழைத்தன. கார்த்தி மருந்து எழுதிக் கொடுத்தார், நந்தினி பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் தினமும் போனில் பேசியது குஞ்சுகளைப் பற்றித்தான் என்று வீட்டில் நம்பினார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குக் கெங்கவல்லியிலிருந்து தட்டுகள் வந்தன. பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ராஜாமணி அத்தை ஒரு மூங்கில் கூடையைத் தாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே மஞ்சள் நூலால் காலில் காப்புக் கட்டிய ஒரு கோழிக்குஞ்சு. சம்பந்தி வீட்டு வழக்கத்தில் குறை வைத்தார்கள் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம். மாமியார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இரண்டு கையாலும் கூடையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

அது அதோடு நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ராஜாமணி அத்தை போகாத விசேஷம் அந்தப் பக்கத்தில் கிடையாது. நந்தினி கல்யாணத்தில் பார்த்தவர்கள் தங்கள் வீட்டில் செய்தார்கள். அவர்கள் வீட்டில் பார்த்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்க் குஞ்சுக்குச் சந்தனம் வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் பேச்செடுத்தாலும், "சகலை நெஞ்சு காலியா இருக்குதுங்களா?" என்று கார்த்தி முகம் மாறாமல் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. அவரும் இப்போது மாப்பிள்ளை என்பதால் யாரும் அவரைத் திட்டுவதில்லை.

போன தை மாதம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். தூரத்து உறவு, எனக்கு அங்கே யாரையும் தெரியாது. மேடையில் வெள்ளித்தட்டு ஒன்றில் அட்சதை பரப்பி, நடுவில் ஒரு குஞ்சை நிறுத்தியிருந்தார்கள். அதன் கால் சறுக்கியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடியில் ஒரு துண்டுச் சாக்கு போட்டால் நல்லது என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதில் எதையும் மாற்றக் கூடாது, இது ராஜாக்கள் காலத்திலிருந்து வருகிற சடங்கு, பகையாக இருந்த இரண்டு நாட்டுக்காரர்கள் குஞ்சை மடி மாற்றி உறவானார்கள் என்று விளக்கினார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"தம்பி டவுனா? அதான். உங்களுக்கு இதோட அருமையெல்லாம் எங்க தெரியப் போவுது."

தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்று, நானும் அந்தக் குஞ்சைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.